பெயரை மறைக்காமல் போடு

மஞ்சக்குப்பம், கடலூர்
மாசி 10, ஞாயிறு

அன்பு மகன் எழிலனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் முட்டிவலி, சர்க்கரை மாத்திரை சகிதம் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய், நல்லபடியாக இருக்கிறாய் என்கிற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். வாரா வாரம் வீடியோவில் முகத்தைப் பார்க்கிறோமே, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். உன் அம்மாவும் அதையேதான் கேட்டாள், நாலு வார்த்தை போனில் பேசினால் ஆகாதா என்று. போனில் சொன்னால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், நான் வாயை மூடிக்கொள்வேன். போனில் எழுதி அனுப்பினாலோ அது எந்த ஊருக்குப் போய் எந்த வீட்டில் உட்காரும் என்று யாருக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் கோர்ட் அமீனாவாக இருந்து வீடு வீடாகச் சம்மன் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். காகிதத்தை உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால்தான் அது போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். அதனால் இது உன் கைக்கு மட்டும், தனியாக உட்கார்ந்து படி.

வீட்டுச் செய்தி முதலில். கொல்லையில் முருங்கை இந்த வருஷம் இலையே தெரியாமல் காய்த்துக் கிடக்கிறது. உன் அம்மா தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் கொடுத்து, இப்போது எங்களைக் கண்டாலே பாதிப் பேர் வேறு தெருவில் திரும்புகிறார்கள். அவளுக்கு வலது முட்டியில் வீக்கம் குறைந்திருக்கிறது, ஆனாலும் ஷேர் ஆட்டோவில் ஏறும்போது முருகா என்று கத்துவதை விடவில்லை. நான் காலையில் மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றுகிறேன். மற்றவர்கள் எல்லாம் பீச்சுக்கு நடக்கிறார்கள், நான் அந்தப் பக்கம் போவதில்லை, ஏன் என்று உனக்கே தெரியும். எங்கள் ஆபீஸில் ரிட்டயர்டு ஆனவர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா. அதில் ஹெட்கிளார்க்காக இருந்த சுப்பிரமணியன், கையில் டிரிப்ஸ் ஏறுகிற மாதிரி ஒரு படத்தைப் போட்டுவிட்டு, கீழே ஒரு வார்த்தையும் எழுதாமல் விட்டுவிட்டார். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று நாங்கள் பதறிப்போய்க் கேட்க, அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் நேரில் போய்ப் பார்த்தால் மனிதர் பேப்பர் படித்துக்கொண்டு இட்லி சாப்பிடுகிறார். வெறும் வயிற்றுப்போக்குதானாம். மொத்தம் இருபத்திமூணு பேரு விசாரிச்சாங்க பொன்னுரங்கம், நீ பதினெட்டாவது ஆளு என்று என்னிடமே சொல்கிறார். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், மைதானத்தில் என் கூடவே நடக்கிறவர்கள். நடக்கும்போது தங்கமான மனிதர்கள், வீட்டுக்குப் போய்ப் போனைக் கையில் எடுத்ததும் கட்சியைச் சொல்லி ஒருவரை ஒருவர் வாடா போடா என்று திட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் காலையில் அதே இரண்டு பேரும் ஒரு டீயை வாங்கிப் பாதிப் பாதியாகக் குடிக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து நான் சிரிப்பேன். எனக்குச் சிரிக்க யோக்கியதை இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உன்னை வழியனுப்ப மீனம்பாக்கம் வந்தபோது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா. வாழைப்பழமும் முட்டையும் சேர்த்துச் சாப்பிட்ட ஆள் இறந்துபோனான் என்று நான் அனுப்பியதை நம்பி, உன் பெரியப்பா வீட்டில் ஒரு மாதம் வாழைப்பழமே வாங்காமல் இருந்தார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா, இனிமே எதையும் ஃபார்வர்டு பண்ணாதீங்க, எனக்கு மானம் போவுது என்றாய். நானும் சரி என்று உன் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியத்தை இன்றுவரை நான் மீறவில்லை. மீறாமல் இருந்ததில்தான் வில்லங்கமே வந்தது.

கார்த்திகையில் நடந்ததற்கு வருகிறேன். மாப்பிள்ளை இளவரசு நம் குடும்பக் குரூப்பில் ஒரு வீடியோவும் வாய்ஸ் மெசேஜும் போட்டார், கிள்ளைப் பக்கம் கடல் உள்வாங்கிவிட்டது, கரையோரத்தில் இருப்பவர்கள் உடனே கிளம்புங்கள் என்று. அது எந்த நாட்டு வீடியோ, எந்த வருஷத்தில் எடுத்தது என்று நீ பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துப் போட்டாய். படித்த பிள்ளை செய்யவேண்டிய வேலைதான் அது, எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த வீடியோவை மாப்பிள்ளைக்குக் கொடுத்தது நான், எழிலா. போடச் சொன்னதும் நான். அன்று ஞாயிற்றுக்கிழமை, பேத்தியைப் பார்க்க நாங்கள் காயத்ரி வீட்டுக்குச் சிதம்பரம் போயிருந்தோம். விடாத மழை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது ஆபீஸ் குரூப்பில் அது வந்தது. கடல் பின்னால் போகிறது, மணலில் மீன் துள்ளுகிறது, எங்கோ ஒரு பெண்பிள்ளை கத்துகிறாள். உன் அமிர்தம் அத்தை மகன் ராஜ்கமல் பெண்டாட்டி பிள்ளைகளோடு கிள்ளையில் இருக்கிறானே என்பது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. அவனுக்குப் போன் போட்டேன், மழையில் லைன் கிடைக்கவில்லை. குரூப்பில் போட்டால் யாராவது பார்த்து அவனுக்குச் சொல்வார்கள். ஆனால் உன்னிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேனே. நான்தானே போடக்கூடாது, மாப்பிள்ளை போட்டால் என்ன என்று தோன்றி, என் போனை அவர் கையில் கொடுத்தேன். அத்தனை வருஷம் வக்கீல்களோடு பழகியவன் புத்தி வேறு எப்படிப் போகும்.

மாப்பிள்ளை அறிவியல் வாத்தியார், அவருக்குத் தெரியாதா. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, மாமா, இது நம்ம ஊரு மாதிரி தெரியல, படகே வேற மாதிரி இருக்கு, ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க, விசாரிச்சிட்டுப் போடறேன் என்றுதான் சொன்னார். நான் கேட்கவில்லை. நீ விசாரிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்யா, போடுய்யா என்று சத்தம் போட்டேன். அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அப்புறம் அழுதும்விட்டேன். காயத்ரி சமையல்கட்டிலிருந்து ஓடி வந்து, என்னாச்சிப்பா, என்னாச்சிப்பா என்கிறாள். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அவரே தன் போனுக்கு அதை அனுப்பிக்கொண்டு போட்டுவிட்டார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ராஜ்கமல் அதைப் பார்த்துவிட்டு, குடும்பத்தையே ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு மழையில் சிதம்பரத்துக்கு விரட்டிக்கொண்டு வந்தான். வழியில் வண்டி சறுக்கி அவன் மகளுக்கு முகவாயில் மூன்று தையல். அதைக் கேட்டு நீ கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. குரூப்பில் மச்சானை நாலு கேள்வி கேட்டாயே, அதோடு விட்டிருக்கலாம். அவர் போட்டதைப் படம் பிடித்து, பொய்ச் செய்திகளைக் கிண்டலடிக்கிற உன் ‘அடிச்சு விடாதீங்க’ பக்கத்தில் போட்டு, பெயர் மேல் மட்டும் கறுப்புப் பட்டை அடித்து, சயின்ஸ் வாத்தியாரே இப்படின்னா பசங்க கதி என்னாகும் என்று எழுதினாய். நாலாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். நீ எழுதுவதை ஒன்றுவிடாமல் படிக்கிறவன் நான், உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவேன். அன்று மட்டும் வாசிக்கவில்லை. பெயரை மறைத்தாயே தவிர, பக்கத்தில் இருந்த சின்னப் படத்தை மறைக்க மறந்துவிட்டாய். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை நிற்கிற படம். தெரிந்தவர்களுக்கு அது போதாதா. நீ வேண்டுமென்றே விட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். சிரிக்க வைக்கிற அவசரத்தில் கண்ணுக்குப் படாமல் போயிருக்கும்.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தப்பு என்னுதுதான், எல்லாரும் மன்னிச்சிடுங்க என்று எழுதிவிட்டுக் குரூப்பை விட்டுப் போனார். நீயும் போனாய். நான் மட்டும் அதில் உட்கார்ந்துகொண்டு, காலை வணக்கம் போடுகிறவர்களுக்கு எல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையச் சொல்லித் தொலைங்களேன் என்று உன் அம்மா முதல் நாளிலிருந்தே என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். காயத்ரிக்கும் தெரியும், அவளைச் சொல்லக்கூடாது என்று மாப்பிள்ளை வாயை அடைத்து வைத்திருந்தார். கோர்ட்டில் கூண்டில் ஏறிப் பொய் சொன்னவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். நான் கூண்டுப் பக்கமே போகாமல் தப்பித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால், நீ என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவாயோ என்கிற பயம். வேறு காரணம் இல்லை கண்ணு.

போன செவ்வாய்க்கிழமைதான் எனக்கு முழு விவரமும் தெரிந்தது. மாப்பிள்ளை இங்கே வந்திருந்தபோது கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைக் கொடுப்போம் என்று பஸ் ஏறி நேரே அவர் பள்ளிக்கூடத்துக்கே போனேன். கேட்டருகே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் இளவரசு சார் எங்கப்பா என்று கேட்டேன். ஒருவன் உள்ளே பார்த்து, டேய், சுனாமி சாரத் தேடி வந்துருக்காங்கடா என்று கத்தினான். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மாப்பிள்ளை சிரித்த முகமாகத்தான் வந்தார், வாங்க மாமா என்று எதிரே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். எத்தனை நாளாய் இந்தப் பெயர் என்று கேட்டேன். மூணு மாசமா மாமா, பசங்கதான, பத்தாங்கிளாசு முடிஞ்சா போயிடுவானுங்க என்றார். அவர் வகுப்புக்குள் நுழைவதற்குள் போர்டில் அலை படம் வரைந்து வைத்துவிடுகிறார்களாம். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு விசாரித்து, இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கியிருக்கிறார். அப்போதும் மாமனார் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. நான் எழிலனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேணாம் மாமா, நீங்க ரெண்டு பேரும் வாரத்துக்கு ஒரு தடவ பத்து நிமிஷம் பேசிக்கிறீங்க, அந்தப் பத்து நிமிஷத்துல இது எதுக்கு, எம் மேல கோவம்னா மச்சானுக்கு நாளைக்குத் தீந்துடும், உங்க மேல வந்தா நீங்க தாங்கமாட்டீங்க என்றார். இப்படி ஒரு பிள்ளையை நான் பெறவில்லை, கட்டிக்கொடுத்து வாங்கியிருக்கிறேன். நீ கோபித்துக்கொள்ளாதே, உன்னைக் குறைத்துச் சொல்லவில்லை.

நான் ஏன் அன்று அப்படிக் கத்தினேன், அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுனாமி வந்தபோது உனக்குப் பத்து வயது. அமிர்தம் அத்தை கிள்ளையில் மீன் வாங்கக் கரைக்குப் போனாள், திரும்பி வரவில்லை என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இங்கே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் இடுப்புவரை நனைந்து, காலில் செருப்பில்லாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார், கடலு ஊருக்குள்ள வந்துடுச்சி, கடலு ஊருக்குள்ள வந்துடுச்சி என்று. நான் பேப்பரை மடித்துவிட்டு, என்னய்யா, காலையிலயே போட்டுட்டியா என்று கேட்டேன். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சொன்னதற்கு இத்தனை பேர் சிரிக்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்திலேயே எஸ்.டி.டி. பூத் இருந்தது. அமிர்தம் வீட்டுக்கு எதிர்வீட்டில் போன் உண்டு, நம்பர் எனக்கு மனப்பாடம். நான் இன்னொரு டீ சொன்னேன். அரைமணி கழித்துத்தான் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. எல்லாக் கரையிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வந்தது, நீங்க போன் போட்டிருந்தாலும் அவ எடுத்திருக்க மாட்டா என்று உன் அம்மா இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் அந்த ஆள் பார்த்த பார்வை என்னை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறேன், வாழைப்பழம் முட்டை வரைக்கும். இது நியாயம் என்று நான் வாதாடவில்லை. நடந்தது இதுதான்.

நேற்று கிள்ளைக்குப் போய் ராஜ்கமலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போங்க மாமா, நெசமாவே வந்திருந்தா நீங்கதான எங்களக் காப்பாத்தியிருப்பீங்க என்று சொல்லி, மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டு அனுப்பினான். அவன் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். முகவாயில் தழும்பு நன்றாகவே தெரிகிறது. அவள் கையில் ஒரு பென்சில் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தேன், அதற்கு மேல் என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது பேத்தியின் காதுகுத்து விஷயம். தையில் வைத்திருந்ததை உனக்கு லீவு இல்லை என்றதால் தள்ளி வைத்தார்கள். உனக்கு லீவு இருந்தது என்று எனக்கும் தெரியும், காயத்ரிக்கும் தெரியும். மறுபடியும் பங்குனி பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, புவனகிரிப் பக்கம் அவர்கள் குலதெய்வம் கோயிலில் என்று குறித்திருக்கிறார்கள். தாய்மாமன் வரலன்னா என்ன, மாமன் முறையில யாராவது ஒருத்தர் மடியில ஒக்கார வச்சிக் குத்திடலாம் என்று மாப்பிள்ளையின் அண்ணன் சொன்னாராம். மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. எழிலன் மச்சான் மடியில ஒக்காந்தாதான் எம் பொண்ணுக்குக் காது குத்து, அவரு வர்ற வரைக்கும் அவ வெறுங்காதோட இருக்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது காயத்ரி அழுதுவிட்டாள். கனிமொழிக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. தன் காதைத் தானே பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். உன் போட்டோவைக் காட்டினால் மாமா என்கிறாள். காலண்டரைக் காட்டினாலும் மாமா என்றுதான் சொல்கிறாள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பதிவை எடுத்துவிடு என்று சொல்லவில்லை. எடுத்துவிட்டால் சிரித்த நாலாயிரம் பேருக்கும் உண்மை தெரியாமலே போய்விடும். அதே பக்கத்தில் இன்னொன்று எழுது. அந்த வாத்தியார் விசாரித்துப் போடலாம் என்றுதான் சொன்னார், கேட்காமல் போடச் சொல்லிக் கத்தியது என் அப்பா, மஞ்சக்குப்பம் பொன்னுரங்கம், ரிட்டயர்டு கோர்ட் அமீனா என்று எழுது. கறுப்புப் பட்டை எதுவும் வேண்டாம். போட்டோ இதோடு வைத்திருக்கிறேன், புதன்கிழமை ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்தது, காயத்ரி கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டைதான் போட்டிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. மாப்பிள்ளையிடம் படிக்கிற பிள்ளைகளும் உன் பக்கத்தைப் பார்க்கிறார்கள், அவர்கள் பரீட்சை முடிந்து போவதற்குள் அவர்கள் கண்ணில் பட்டால் போதும். அமிர்தம் விஷயத்தை மட்டும் எழுதாதே. அதை எழுதினால் என்னைப் பார்த்து எல்லோரும் பரிதாபப்படுவார்கள், அது வேண்டாம். அது நம் வீட்டோடு இருக்கட்டும்.

கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் போடாதே. முதலில் மச்சானுக்குப் போடு. அவர் பள்ளிக்கூடம் விட்டு வர நாலரை மணி ஆகும், உங்கள் ஊரில் அப்போது காலை பதினொன்று. என்ன பேசுவது என்று நீ யோசிக்கவே வேண்டாம், ஒன்றுமே நடக்காத மாதிரி நல்லா இருக்கீங்களா மச்சான் என்று அவரே ஆரம்பித்துவிடுவார். மடியில் விரிக்கப் பட்டு வேட்டியை உன் அம்மா வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள், நீ துணிமணி எதுவும் தூக்கிக்கொண்டு வராதே என்றாள். குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ நீண்ட ஆயுளோடும், குறையாத உடம்போடும், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற அந்த வாயோடும் நன்றாக இருக்கவேண்டும் என்று நாங்கள் இருவரும் அந்த அம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

இதில் எழுதியிருப்பது எல்லாம் நான் கண்ணால் பார்த்ததும், காதால் கேட்டதும், என் வாயால் சொன்னதும்தான். எங்கிருந்தோ வந்ததை அப்படியே அனுப்பவில்லை.

உன் அப்பா,
பொன்னுரங்கம்
கோர்ட் அமீனா (ஓய்வு)